உடம்பும் உடைமையும்

நன்னூல் பயிலும் மாணாக்கர் ஆறாம் வேற்றுமையை அடைந்தவுடன் தற்கிழமை, பிறிதின்கிழமை என்னும் இரண்டனையும் எதிர்ப்படுவர். சாத்தனது கை என்பது தற்கிழமை. சாத்தனது வீடு என்பது பிறிதின்கிழமை. கை சாத்தனின் வேறாகாதது. வீடோ அவனின் வேறாய் நின்று அவனுக்கு உரியதாவது. வீட்டை விற்கலாம், கொடுக்கலாம், இழக்கலாம்; பின்னும் சாத்தன் சாத்தனே. இவ்வேறுபாட்டை முதலாண்டு வகுப்பில் ஓதியபொழுது இதில் ஐயுறத்தக்கது யாதும் உண்டென்று எமக்குத் தோன்றவில்லை. தேர்வில் ஐந்து மதிப்பெண் தரும் வினா என்ற அளவில் மனப்பாடம் செய்து அப்பாற் சென்றோம். தன் கை தன்னுடையது என்பதற்கு இலக்கணமும் வேண்டுமோ என்று விடுதி அறையில் நகைத்ததும் உண்டு.

அந்நகைப்பு அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் நின்றது. எம் தாயைப் பெற்ற பாட்டனார், முப்பதாண்டுக்கு மேல் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் விடியற்காலையில் பாரிசவாதத்தால் வீழ்ந்தார். மூளையின் வலப்பாகத்தில் இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டமையால் இடக்கையும் இடக்காலும் அசைவற்றன என்று வைத்தியர் கூறினர். மூன்றாம் நாள், படுக்கையருகே அமர்ந்திருந்த எம்மை நோக்கி, “யாருடைய கை இது? யாரோ தம் கையை என் படுக்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார், எடுத்துக்கொண்டு போகச் சொல்” என்றார். அவர் காட்டியது தம் இடக்கையையே. “தாத்தா, இது உங்கள் கைதான்” என்றோம். அவர் அதனை வலக்கையால் சற்றே தூக்கிப் பார்த்து, “என் கை இவ்வளவு கனமாக இராது. இது உன் சின்னத் தாத்தாவின் கை” என்று மிக அமைதியாக விடையிறுத்தார். சின்னத் தாத்தா அப்பொழுது எண்பது கல் தொலைவில் இருந்தார்.

பாட்டியார் அழுதார். அறிவு கலங்கிற்று என்றனர் சிலர். தீய ஆவியின் செயல் என்று காதோடு காதாய்க் கூறினாரும் உளர். சபைப் போதகர் வந்து ஜெபித்துச் சென்றார். பாட்டனாரோடு வழக்கம்போல் உரையாடியவர் அவர் ஒருவரே. ஏனையோர் அன்று முதல் அவரிடம் எதனையும் கலந்து பேசுவதை விட்டனர். வயற்குத்தகைக் கணக்கை மாமா தாமே பார்க்கத் தொடங்கினார். ஆயினும் அன்று மாலையே, யாம் இயற்றிய வெண்பா ஒன்றைப் படித்துக் காட்டியபொழுது, மூன்றாமடியில் தளை தட்டுவதைக் கண்ணை மூடியவாறே கூறித் திருத்தியவர் அவர். வாய் ஒருபுறம் கோணிய நிலையிலும் பிறன் செய்யுளின் சீரை எண்ணி வழுக் காணும் ஒருவரைப் பித்தர் என்று எங்ஙனம் கூறுவது? அறிவு முழுதும் நிற்க, ஒரு கை மட்டும் எவ்வாறு தற்கிழமையினின்று நழுவிப் பிறிதின்கிழமையாயிற்று? இவ்வினாவே எம்மை இக்கட்டுரைக்குரிய நூல்களிடம் கொண்டுபோய்விட்டது.

முதலில் அறிந்தது, இது எம் பாட்டனார்க்கு மட்டும் நேர்ந்த புதுமையன்று என்பது. பாபின்ஸ்கி என்னும் பிரெஞ்சு வைத்தியர், தம் பக்கவாதத்தையே உணராத நோயாளரைப் பற்றி 1914இல் எழுதி அந்நிலைக்கு ஒரு பெயரும் இட்டனர். கை முடங்கிக் கிடக்க, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பார் அவர்கள். அதனினும் ஒருபடி மேற்சென்று, முடங்கிய கை தம்முடையதே அன்று, மனைவியினது, வைத்தியரினது, இறந்தாரினது என்று கூறுவாரின் நிலைக்கு 1942இல் கெர்ஸ்ட்மன் என்பவர் தனிப்பெயர் தந்தனர். அத்தகையோர் பிற பொருள்களைப் பற்றித் தெளிவாகவே பேசுவர். அவருட் பெரும்பாலோர்க்குப் பழுதுற்றது மூளையின் வலப்பாதி. மறுக்கப்பட்டது இடப்பக்கத்து உறுப்பு. இடமூளை பழுதுற்று வலக்கையை மறுப்பார் அரியர். இதனைப் படித்த இரவு எம் நெஞ்சின் பாரம் பாதி இறங்கிற்று என்பதை ஒளிக்கவேண்டுவதில்லை.

இனி, மூளையில் உடம்பு எங்ஙனம் இடம் பெற்றுள்ளது என்று பார்ப்போம். பெருமூளை வல இடமாய் இருபாதிகளாகப் பிரிந்தது. உடம்பினின்று செல்லும் நரம்புவழிகள் இடையில் குறுக்கே கடத்தலின், இடக்கையின் உணர்ச்சி வலப்பாதியையும், வலக்கையின் உணர்ச்சி இடப்பாதியையும் சென்றடையும். ஒவ்வொரு பாதியின் மேற்புறத்தும், ஏறக்குறைய உச்சியினின்று காதை நோக்கி ஒரு பள்ளம் இறங்குகிறது. அப்பள்ளத்திற்கு முன்னுள்ள மேடு உறுப்புக்களை இயக்குவது. பின்னுள்ள மேடு தொடுவுணர்ச்சியை ஏற்பது.

அப்பின்மேட்டில் எவ்வுறுப்புக்கு எவ்விடம் என்பதைக் கண்டு கூறியவர் கானடா நாட்டு மாண்ட்ரியல் நகரத்து இரணவைத்தியர் வைல்டர் பென்பீல்டு ஆவர். வலிப்பு நோயாளர்க்கு மூளையில் அறுவை செய்யும்பொழுது அவர் தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளரை விழித்திருக்க வைப்பார். மூளைக்குத் தன்னளவில் வலியுணர்ச்சி இல்லை. உலகத்து வலியெல்லாம் அறியும் உறுப்பு தன்னைத் தொடுதலை அறியாது என்பது வியப்பன்றோ! மெல்லிய மின்னோட்டத்தை ஓரிடத்தில் வைத்தவுடன் ‘என் பெருவிரல் துடிக்கிறது’ என்பார் நோயாளர். சற்றே நகர்த்தினால் ‘உதடு’ என்பார். இவ்வாறு தொகுத்தவற்றைத் தம் உடனுழைப்பாளர் எட்வின் போல்டிரியோடு 1937இல் அவர் வெளியிட்டார். அவ்வரைபடத்தின்படி பாதம் இருபாதிகளுக்கும் இடைப்பட்ட உட்சுவரிலும், அதன்பின் கால், உடல், தோள், கை, விரல்கள் என முறையே கீழிறங்கியும், விரல்களுக்கு அடுத்து முகமும் உதடும் நாவும் அமைந்துள்ளன. முதுகு முழுவதற்கும் கிடைத்த நிலம் சிறிது. உதட்டுக்கும் விரல்களுக்கும் கிடைத்ததோ பெரிது. அந்த அளவின்படியே ஒரு மனிதனை வரைந்தால், பருத்த உதடும் முறம்போன்ற கையும் மெலிந்த உடலும் உடைய ஓர் உருவம் கிடைக்கும். நாட்டில் பரப்பு மிகுந்த மாவட்டத்திற்கு நிலப்படத்தில் மிகுந்த இடம். மூளையிலோ நுண்ணுணர்வு மிகுந்த உறுப்புக்கு மிகுந்த இடம்.

இவ்வரைபடம் உடம்பினின்று தனித்தும் நிற்கவல்லது என்பதற்குச் சான்று, இழந்த உறுப்பை இன்னும் உடையார்போல் உணர்வாரின் நிலையாகும். பதினாறாம் நூற்றாண்டிலேயே ஆம்புருவாஸ் பாரே என்னும் பிரெஞ்சு இரணவைத்தியர் இதனைக் குறித்துள்ளார். அமெரிக்க உள்நாட்டுப் போரிற் கைகால் இழந்த வீரரை ஆராய்ந்த சைலஸ் வெயர் மிட்செல், 1871இல் இதற்கு ‘ஆவியுறுப்பு’ எனப் பொருள்படும் பெயரை வழங்கினார். உறுப்பு நீக்கப்பெற்றாருட் பெரும்பாலோர் இதனை உணர்கின்றனர். இல்லாத விரல் அரிக்கும். இல்லாத முட்டி இறுக மூடி நகம் உள்ளங்கையிற் பதிவதுபோல் வலிக்கும். வலியின் கொடுமை யாதெனின், தடவுதற்கு அங்கே ஒன்றும் இல்லாமையே.

ஈண்டு நம் நாட்டில் பிறந்த ஒருவரைக் குறித்தல் வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர்க் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன் என்பார், கையிழந்த சிலரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபொழுது, அவர்கள் அத்தொடுதலை இல்லாத கையிலும் உணர்ந்தமையைக் கண்டனர். விரலின் இடத்தை அடுத்து முகத்தின் இடம் இருத்தல் மேலே கூறப்பட்டது. வேலையற்றுக் கிடந்த கையின் நிலத்தில் அண்டை நிலத்தார் புகுந்து பயிரிடுகின்றனர் என்பது அவர் விளக்கம். இவ்விளக்கத்தை இன்று எல்லாரும் ஒப்புவதில்லை. கையிழந்தாரின் மூளையில் பழைய கையின் இடம் அழியாது நிற்கிறது என்று 2013இல் தமர் மேக்கின் முதலியோர் காட்டினர். 2025இல் அவர் குழுவினர், கை நீக்கப்படுமுன்னும் பின்னும் அதே மனிதரின் மூளையைப் படம்பிடித்து ஒப்பிட்டு, வரைபடம் பெரிதும் மாறவில்லை என்று வெளியிட்டனர். அண்டை நிலத்தாரைப் பற்றிய உவமை அழகியதே. ஆயினும் அழகிய உவமை உண்மையாதல் வேண்டுமென்னும் நியதி இல்லை. இலக்கியம் பயிலும் எம்போல்வார் இதனை அடிக்கடி மறக்கின்றோம்.

அவர் செய்த மற்றொன்று எம் மனத்தை மிகவும் கவர்ந்தது. ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நலமுள்ள கையை ஒருபுறம் வைக்கச் செய்தார். கண்ணாடியிற் காணும் நிழல், இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் தோன்றும். நலமுள்ள கையை விரித்தவுடன் ஆவிக்கையும் விரிவதைக் கண்ட சிலர்க்கு இறுக்கம் தளர்ந்தது. யாவர்க்கும் இது பயன்படுவதில்லை. எனினும் சில ரூபாய் விலையுள்ள கண்ணாடி, கத்தியும் மருந்தும் புகாத இடத்திற் புகுந்தமை நினைத்தற்குரியது.

இதுகாறும் கூறியவை நோயுற்றாரைப் பற்றியன. நலமுள்ளார்க்கும் இவ்வுடைமை எவ்வளவு எளிதில் ஆட்டங்கொள்ளும் என்பதை 1998இல் பாட்வினிக், கோஹன் என்னும் இருவர் ஒரு சிறு சோதனையாற் காட்டினர். ஒருவர் தம் கையை மேசைமேல் வைத்து, அதனைத் தாம் காணாதவாறு தட்டியால் மறைக்க வேண்டும். அவர் கண்ணெதிரே ரப்பராற் செய்த கை ஒன்று வைக்கப்படும். இரண்டு தூரிகைகளால் மறைந்த கையையும் ரப்பர்க்கையையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வருட வேண்டும். சிறிது நேரத்துள் அவர் தொடுதலை ரப்பர்க்கையிலேயே உணர்வார். அது தம் கை போலவே தோன்றும்.

இதனைப் படித்த யாம் நம்பினோமில்லை. விடுதிக்குத் திரும்பியவுடன், விலங்கியல் பயிலும் நண்பரிடம் ரப்பர்க் கையுறை ஒன்று வாங்கிப் பஞ்சடைத்து, வர்ணந்தீட்டும் தூரிகை இரண்டு தேடி, புத்தகங்களை அடுக்கித் தட்டியாக்கினோம். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. நண்பர்களின் கேலியே மிகுதி. பின்னர், எத்தருணத்தில் என்று கூறவியலாதவாறு, அந்தக் கோணலான வெள்ளைக் கையுறையின்மேல் தூரிகை படும் இடத்தில் எமக்குக் குளிர்ந்தது. அப்பொழுது ஒரு குறும்பர் பிட்டுக்கோலை ஓங்கிக் கையுறையின்மேல் அடிக்க, யாம் ‘ஐயோ’ என்று கையை இழுத்துக்கொண்டோம். பிட்டுக்கோல் யாதென வினவுவார்க்கு: கொசுவலை கட்டும் மூங்கிற் கழிக்கு எம் விடுதியார் இட்ட பெயர் அது. சோதனைக்குட்பட்ட எழுவருள் ஐவர்க்கு இவ்வுணர்ச்சி வந்தது, இருவர்க்கு வரவேயில்லை. இரு தூரிகைகளும் முன்பின்னாக வருடியபொழுது ஒருவர்க்கும் வந்ததில்லை. ஆராய்ச்சியாளர் கண்டதும் அதுவே. கைக்குப் பதிலாக மரத்துண்டை வைப்பின் மயக்கம் உண்டாவதில்லை என்றும் அவர்கள் கண்டுள்ளனர். ஆகவே மூளை எதனையும் தன்னதென்று ஏற்பதில்லை. கண்ணிற் படுவதும் தோலிற் படுவதும் காலத்தால் ஒத்து, உருவமும் இருக்கையும் கைக்குரியனவாயின், ‘இது நமது’ என்று தீர்ப்பளிக்கிறது. உடைமை, பிறப்பிலே எழுதிக்கொடுத்த பத்திரமன்று. நொடிதோறும் சாட்சிகளை விசாரித்துத் தரப்படும் தீர்ப்பு.

அத்தீர்ப்பை வழங்கும் மன்று எங்கே உள்ளது? 2004இல் எர்சன் முதலியோர் இச்சோதனையைக் காந்தப் படக்கருவியுள் நிகழ்த்தி, மயக்கம் வலுக்குந்தோறும் முன்மூளையில் இயக்கத்தை ஆயத்தம் செய்யும் பகுதி மிகுதியாகத் தொழிற்படுவதைக் கண்டனர். உணர்ச்சிமேட்டின் பின்னே உச்சியை அடுத்துள்ள மடல், கண்ணும் தோலும் தசையும் தரும் செய்திகளை ஒன்றாக்குகிறது. இவையன்றி, மூளையின் பக்கவாட்டுப் பிளவினுள் மடிந்து மறைந்து கிடப்பதும், தீவு எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் இன்சுலா எனப்படுவதுமாகிய ஒரு பகுதி உண்டு. உடலின் உள்நிலையாகிய வெம்மை, வலி, நெஞ்சுத்துடிப்பு முதலியவற்றை உணர்வதில் அதற்குப் பங்குண்டு. தம் கையைத் தமதன்றென்பாரில் பலர்க்கு வலப்பக்கத்து இன்சுலாவின் பின்பகுதி பழுதுற்றிருத்தலை 2008இல் பையர், கார்நாத் என்பார் வெளியிட்டனர். எனவே ஒரே இருக்கையில் ஒரே நீதிபதி அமர்ந்திருக்கிறார் என்று கொள்ளலாகாது. பலர் கூடிய பஞ்சாயத்து என்றே கொள்ளத்தகும்.

இப்பஞ்சாயத்தின் தீர்ப்பு நிலையற்றது என்பதற்கு ஓர் அரிய சான்று. இடக்கையை மறுத்த ஒரு நோயாளியின் இடக்காதில் குளிர்ந்த நீரை விட்டபொழுது, அவர் சிறிது நேரம் அக்கை தம்முடையதே என்று ஒப்பினார். பின்னர் மீண்டும் மறுத்தார். 1991இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர் பிசியாக்கும் அவர் துணைவரும் இதனைத் தெரிவித்தனர். காதினுள் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு, குளிர்நீரால் தூண்டப்பெற்று மூளையின் வலப்பாதியை எழுப்புவதாகக் கருதுவர். சமநிலைக்கும் உடைமைக்கும் உள்ள தொடர்பு இத்துணை நெருங்கியதென யார் நினைப்பார்?

உறுப்பு பழுதுறாமலே, மூளையிற் புண் யாதுமின்றியே, இளமை தொட்டு ஒரு காலைத் தமக்கு அயலானதாக உணர்ந்து, அதனை நீக்கிவிட வேண்டுமென்று தவிப்பாரும் உலகில் உளர். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப்பட்டியலில் இந்நிலைக்கு இடந்தந்துள்ளது. சூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர் 2013இல் அத்தகைய ஆடவர் 15 பேரின் மூளையை ஆராய்ந்து, வலப்பக்கத்து உச்சிமடலின் மேற்பகுதியில் புறணி சிறிது மெலிந்திருத்தலைக் கண்டனர். ஈண்டு ஒரு தடையை எழுப்புதல் எம் கடமையாகிறது. மெலிவினால் அயன்மை உண்டாயிற்றா, அன்றிப் பல்லாண்டு அக்காலை அயலாகக் கருதி ஒதுக்கியமையால் மெலிவு உண்டாயிற்றா? ஒரு முறை பிடித்த படம் இதற்கு விடை தராது. மூளையின் அமைப்பு வேறுபடுகிறது என்பது வேறு. அமைப்பே காரணம் என்பது வேறு. பத்திரிகைகள் இவ்விரண்டனையும் ஒன்றாக்கித் தலைப்பிடுகின்றன. எங்ஙனமாயினும், இவர்கள் பொய் கூறுவாரல்லர் என்பதும், கேலிக்குரியாரல்லர் என்பதும் அப்படத்தாற் பெறப்படும்.

நரம்பு வைத்தியரே இதற்கு ஆளானதும் உண்டு. ஆலிவர் சாக்ஸ் என்பார் 1974இல் நார்வே நாட்டு மலையொன்றில் எருதுக்கு அஞ்சி ஓடி வீழ்ந்து இடக்காலை முறித்துக்கொண்டார். அறுவைக்குப்பின் அக்கால் தம்முடையதென்னும் உணர்வே அவர்க்கு அற்றது. நோயாளர் கூறியவற்றை அதுவரை எழுதிவந்தவர், தாம் கூறியதைப் பிறர் கேளாத துன்பத்தை அப்பொழுது அறிந்து, 1984இல் ஒரு நூலாக எழுதினார்.

பாட்டனாரிடம் மீள்வோம். முடங்கிய கையை நேரே காணும்பொழுது மறுத்த இருவர், கண்ணாடியிற் காணும்பொழுது தமதென்று ஒப்பியதாக 2011இல் வெளிவந்த கட்டுரை ஒன்றைப் படித்த மறுநாள், அவர் முகமழிக்கும் கண்ணாடியை எடுத்துச் சென்று, மார்பும் இரு கைகளும் தெரியுமாறு எதிரே பிடித்தோம். “இது யார் கை, தாத்தா?” “என் கை; வேறு யார் கை?” என்றார். கண்ணாடியைத் தாழ்த்தினோம். குனிந்து பார்த்தார். “இது தம்பியின் கை” என்றார். மீண்டும் உயர்த்தினோம், மீண்டும் ‘என் கை’ என்றார். மூன்றாம் முறை அவரே நிறுத்தி, “இதில் ஏதோ வழு இருக்கிறது” என்று நெடுநேரம் பேசாதிருந்தார். அப்பேச்சின்மை எமக்கு அச்சத்தை உண்டாக்கிற்று. அவரிடம் ஒப்புதல் கேளாது இதனைச் செய்திருத்தலாகாது என்று பின்னர் வருந்தினோம். ஆனால் கதவருகே நின்று இதனையெல்லாம் கண்ட மாமா, அன்று மாலை வைத்தியரிடம் சென்று நெடுநேரம் பேசித் திரும்பினார். இது பித்தன்று, மூளையின் ஒரு சிறு பகுதிக்கு நேர்ந்த குறை, நாள்பட நீங்கக்கூடும் என்று அவர் விளக்கினாராம்.

அடுத்த நாள் குத்தகைக் கணக்குப் புத்தகம் பாட்டனார் படுக்கைக்கு வந்தது. அவர் வலக்கையாற் பக்கங்களைத் திருப்பி, இரண்டு இடங்களில் வினவி, ஒன்றில் மாமாவைக் கடிந்துகொண்டார். மின்விசிறிக் காற்றில் தாள் பறந்தபொழுது, “தம்பியின் கையைத் தூக்கி இதன்மேல் வை” என்று எம்மிடம் கூறினார். ஒருவரும் அவரைத் திருத்தவில்லை. பாட்டியாரே அக்கையைத் தூக்கித் தாளின்மேல் வைத்தார்.

ஐந்து வாரத்திற்குப்பின் சின்னத் தாத்தாவின் பெயர் அவர் பேச்சினின்று நீங்கிற்று. கையில் வலிமை மீளவில்லை. இவ்வாண்டு விடுமுறையிலும் கவனித்தோம்: வலக்கையை ‘என் கை’ என்கிறார், இடக்கையை ‘இந்தக் கை’ என்கிறார். ஆறாம் வேற்றுமை நிற்கவேண்டிய இடத்தில் சுட்டு நிற்கிறது. ஏன் என்று வினவினோம். “அப்படியா சொல்கிறேன்?” என்று அவரே வியந்தார்.